காயைத் தொடும் முன்: சதுரங்கம் – வாசகர் கேள்வி, பதில்

ஒரு நகர்வை ஆடுவதற்கு முன்பே அதை எடைபோட்டுப் பார்ப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே பகுதி முழுவதையும் அந்த ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கட்டங்களை ஏ முதல் ஹெச் வரையிலான எழுத்துகளாலும் 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிக்கும் வழக்கமான முறையே பதில்களில் பின்பற்றப்படுகிறது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. செஸ் புதிர்களைக் கொடுத்தால் மளமளவென்று தீர்க்கிறாள். ஆனால் போட்டியில் உட்கார்ந்தால் பாதி ஆட்டங்களில் ஒரு குதிரையையோ பிஷப்பையோ சும்மா கொடுத்துவிட்டு வருகிறாள். 'நன்றாக யோசித்து ஆடு' என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறேன், பயனில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாயார், திருச்சி

பதில்: 'நன்றாக யோசி' என்ற சொல் குழந்தைக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை, எதை யோசிக்க வேண்டும் என்று சொன்னால்தான் அவளால் அதைச் செய்ய முடியும். புதிரைக் கையில் கொடுக்கும்போதே, இந்த நிலையில் ஒரு வெற்றி ஒளிந்திருக்கிறது, அது உன் பக்கம்தான் இருக்கிறது என்ற துப்பையும் நாம் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். ஆட்டத்தில் அப்படிச் சொல்வார் யாருமில்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: புதிரில் அவள் தேடுவது தன்னுடைய அடியை, ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் தேட வேண்டியது எதிராளியின் அடியை. பின்னதற்கு அவளுக்குப் பயிற்சியே கொடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்.

பலரும் விழுந்திருக்கும் ஒரு வலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்பு தன் குதிரையை சி6-இலிருந்து டி4-க்குக் கொண்டுபோகிறது. ஈ5 சிப்பாய்க்குக் காவலாக இருந்த குதிரை அகன்றுவிட்டதால் சிப்பாய் கேட்பாரற்று நிற்கிறது. வெள்ளைக் குதிரை அதை வெட்டலாம். குழந்தையின் கை உடனே அங்கே போகும். பெரியவர்களின் கையும் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கை போவதற்கு முன் அவள் கேட்க வேண்டிய கேள்வி, எஃப்3-இலிருந்து என் குதிரை புறப்பட்டால் எந்தக் கட்டங்களின் காவல் போய்விடுகிறது என்பதே. அந்தக் குதிரை ஜி5 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. அது ஈ5-க்குப் போனவுடன், டி8-இல் இருக்கும் கறுப்பு ராணிக்கு ஜி5 வரை வழி திறந்துவிடுகிறது. அங்கிருந்து ராணி ஈ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்கும். குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டி, ராணியையும் ஹெச்8 யானையையும் ஒருசேரப் பிடித்துவிட்டோம் என்று வெள்ளை மகிழும் வேளையில், ராணி ஜி2 சிப்பாயை வெட்டி ஹெச்1 யானையைத் தாக்குகிறது. யானை எஃப்1-க்கு ஒதுங்குகிறது. ராணி ஈ4 சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறது. பிஷப் ஈ2-க்கு வந்து குறுக்கே நிற்கிறது. டி4 குதிரை எஃப்3-இல் இறங்க, ஏழாவது நகர்வில் செக்மேட். ஈ2 பிஷப் நகர்ந்தால் ராஜா ராணியின் பார்வையில் வந்துவிடும் என்பதால் அதனால் அந்தக் குதிரையை வெட்டவும் முடியாது.

இந்த வலையில் விழாமல் இருக்க அவள் ஏழு நகர்வு முன்கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். 'ராணி ஜி5' என்ற ஒரே ஒரு பதில் கண்ணில் பட்டால் போதும். சிப்பாயை விட்டுவிட்டு டி4 குதிரையை வெட்டிக்கொண்டு, கறுப்பு சிப்பாயால் திருப்பி வெட்டிய பிறகு, வசதியாக ஆட்டத்தைத் தொடரலாம். அப்படியே ஈ5-ஐ வெட்டித் தொலைத்திருந்தாலும்கூட, எஃப்7-ஐக் குதிரையால் வெட்டாமல் பிஷப்பால் செக்கோடு வெட்டி, பிறகு கோட்டை கட்டிக்கொண்டால் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிக்கொண்டால்), குதிரை போனாலும் ஆட்டம் உடனே முடிந்துவிடாது.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். புதிர்களில் பாதியைக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவளே முன்பு ஆடிய ஆட்டங்களிலிருந்து நிலைகளை வைத்து, ஒரு நகர்வை நீங்களே சொல்லி, 'இது பாதுகாப்பானதா?' என்று மட்டும் கேளுங்கள். சில நகர்வுகள் பாதுகாப்பாகவும் சில ஆபத்தாகவும் இருக்கட்டும். எது எதுவென்று அவளுக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது. பதில் சொல்லும்போது எதிராளி தரக்கூடிய செக்குகள், வெட்டக்கூடிய காய்கள், தாக்கக்கூடிய காய்கள் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் அவள் வாய்விட்டுச் சொல்லட்டும். சில மாதங்களில் வாய் ஓய்ந்து கண் தானாகவே அந்த வரிசையில் ஓடத் தொடங்கும். போட்டி விதிப்படி தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பதால், இந்தச் சோதனை முடியும்வரை கை மேசைக்குக் கீழே இருப்பது நல்லது.

கேள்வி: ஒரு நகர்வை மதிப்பிட எத்தனை நகர்வு ஆழம் பார்க்க வேண்டும்? எங்கள் கல்லூரி அணியில் ஒருவர் மூன்று என்கிறார், இன்னொருவர் கிராண்ட்மாஸ்டர்கள் பதினைந்து பார்ப்பார்கள் என்கிறார்.
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: எந்த எண்ணைச் சொன்னாலும் அது தவறாகத்தான் இருக்கும். நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட், அலேகைன், யூவே, கெரஸ் முதலிய முன்னணி ஆட்டக்காரர்களிடமும் அவர்களைவிடக் கீழ்நிலையில் இருந்தவர்களிடமும் ஒரே நிலையைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிவு செய்தார். 1946-இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். கிராண்ட்மாஸ்டர்கள் மற்றவர்களைவிட மிக ஆழமாகவோ மிக அதிகமான நகர்வுகளையோ பார்க்கவில்லை என்பதே அதில் பலரை வியக்கவைத்த முடிவு. அவர்கள் பார்க்கத் தொடங்கிய நகர்வுகளே நல்ல நகர்வுகளாக இருந்தன. 1973-இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில விநாடிகள் காட்டினால் வலுவான ஆட்டக்காரர் அதைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அடுக்குகிறார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

ஆகவே எவ்வளவு தூரம் என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே சரியான கேள்வி. செக், வெட்டு, உடனடி மிரட்டல் ஆகியவை ஓய்ந்து நிலை அமைதியாகும் இடம்வரை பார்க்க வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் கணக்கு பொய்யாகிவிடும். கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பது பற்றி க்ளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, அமைதியான நிலைகளில் மட்டுமே மதிப்பீட்டைச் செய்ய வேண்டும் என்பது எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இயந்திரத்துக்குச் சொன்ன அறிவுரைதான். மனிதருக்கும் முழுக்கப் பொருந்தும். சில நிலைகளில் அந்த அமைதி ஒரே நகர்வில் வந்துவிடும். சிலவற்றில் எட்டு நகர்வு ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு. எதிராளியின் குதிரை ஒன்று சிப்பாயின் காவலில் நிற்கிறது. அதை உங்கள் யானையும், யானைக்குப் பின்னால் ராணியும் தாக்குகின்றன. தாக்குபவை இரண்டு, காப்பது ஒன்று. ஆகவே வெட்டலாம் என்று தோன்றும். சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் பிஷப்புக்கும் மூன்று, யானைக்கு ஐந்து என்ற வழக்கமான புள்ளி மதிப்பில் கணக்கிடுவோம். யானை குதிரையை வெட்டினால் மூன்று புள்ளி வரவு. சிப்பாய் யானையை வெட்டினால் ஐந்து புள்ளி செலவு. ராணி அந்தச் சிப்பாயை வெட்டினால் ஒன்று வரவு. மொத்தத்தில் நான்கு வந்து ஐந்து போயிருக்கிறது. எத்தனை காய்கள் தாக்குகின்றன என்று எண்ணுவதோடு, எந்தக் காய் முதலில் போக வேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்காவிட்டால் இந்தக் கணக்கு எப்போதும் காலை வாரும்.

கணக்கு சரியாக வந்தாலும் மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. கறுப்பு கோட்டை கட்டியிருக்கிறது. வெள்ளையின் பிஷப் சி4-இலும் குதிரை ஜி5-இலும் எஃப்7 கட்டத்தைக் குறிவைத்து நிற்கின்றன. குதிரை எஃப்7 சிப்பாயை வெட்ட, யானை குதிரையை வெட்ட, பிஷப் யானையைச் செக்கோடு வெட்ட, ராஜா பிஷப்பை வெட்டுகிறது. வெள்ளை கொடுத்தது ஒரு குதிரையும் ஒரு பிஷப்பும், ஆறு புள்ளி. பெற்றது ஒரு யானையும் ஒரு சிப்பாயும், அதுவும் ஆறு புள்ளி. பள்ளிப் போட்டிகளில் இதைச் சமன் என்று நினைத்து ஆடாத குழந்தை அரிது. ஆனால் ஆட்டம் முடிந்த கணக்கல்ல. பலகையில் மிச்சம் இருப்பவையே இனி ஆடப்போகின்றன. குதிரைக்கு மூன்று நகர்வு, பிஷப்புக்கு இரண்டு நகர்வு என வெள்ளை செலவழித்த ஐந்து நகர்வுகளும் அந்தக் காய்களோடு பலகையைவிட்டே போய்விட்டன. கறுப்பின் இரண்டு குதிரைகளும் பிஷப்பும் களத்தில் நிற்கின்றன. வெள்ளையின் யானைகளுக்கோ திறந்த வரிசை இன்னும் கிடைக்கவில்லை; தொடக்கக் கட்டத்தில் யானையின் ஐந்து புள்ளி பெரும்பாலும் ஏட்டளவில்தான். ஆகவே எண்ணிக்கை சமனாக இருந்தும் நிலை கறுப்புக்கே சாதகம்.

நிறுத்திய இடத்தில், போன காய்களை விட்டுவிட்டு, இருக்கும் காய்களைப் பாருங்கள். இரு ராஜாக்களில் யாருக்கு ஆபத்து அதிகம், யாருடைய காய்கள் வேலை செய்கின்றன, எந்தச் சிப்பாய்க்கு இனி காவல் கிடைக்காது என்பவற்றை ஒரு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் அந்த நகர்வை மதிப்பிட்டுவிட்டீர்கள். சொல்ல முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

கேள்வி: நகர்வைச் சரிபார்த்து ஆடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உலக சாம்பியன்களே ஒரு நகர்வில் செக்மேட் வாங்கியிருக்கிறார்கள் என்று படிக்கிறோம். அவர்களுக்கே உதவாத சோதனை நமக்கு என்ன செய்துவிடும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அத்தகைய ஆட்டங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அவை அரிதாக இருப்பதுதான், ஐயா. ஆனாலும் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அந்தத் தவறுகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சோதனையின் எந்தப் பகுதி விட்டுப்போனது என்பதைக் காட்டும்.

2006 நவம்பர் 27 அன்று ஜெர்மனியின் பான் நகரில், டீப் ஃப்ரிட்ஸ் என்ற கணினி நிரலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில், அப்போதைய உலக சாம்பியன் விளாதிமிர் க்ராம்னிக் 34-ஆவது நகர்வில் தன் ராணியை ஈ3-இல் வைத்து, இரு ராணிகளும் வெட்டப்பட்டு வெளியேறும் ராணி மாற்றத்தை முன்வைத்தார். வெள்ளை ராணி ஹெச்7-க்கு வந்து அங்கேயே செக்மேட் செய்தது. எஃப்8-இல் இருந்த வெள்ளைக் குதிரை ஹெச்7-ஐக் காத்துக்கொண்டிருந்தது. அந்த மூலையில் அப்படி நிற்கும் குதிரை ராணிக்குத் துணையாகும் வடிவம் அபூர்வமானது. கண்ணுக்குப் பழகிய வடிவங்களில் அது இல்லை. இங்கே விட்டுப்போனது எதிராளியின் செக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பகுதி. பழக்கமான வடிவங்களை நம்பிக் கண் தாண்டிப் போகும் இடத்தில்தான் சலிப்பூட்டும் அந்த வரிசை உதவுகிறது.

1892-இல் ஹவானாவில், அப்போதைய உலக சாம்பியன் ஸ்டெய்னிட்ஸுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் 23-ஆவது ஆட்டத்தில் மிகயீல் சிகோரின் ஒரு காய் கூடுதலாக வைத்திருந்தார். வென்றிருந்தால் வெற்றிகளின் எண்ணிக்கை சமனாகியிருக்கும். அவருடைய பிஷப் டி6-இல் நின்றபடி ஹெச்2 கட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தது. கறுப்பின் இரண்டு யானைகளும் இரண்டாம் வரிசையில் நின்றிருக்க, 32-ஆவது நகர்வில் அந்த பிஷப்பை அவர் பி4-க்கு எடுத்துச் சென்றார். யானை ஹெச்2 சிப்பாயை வெட்டிச் செக். ராஜா ஜி1-க்குப் போனால் மற்ற யானை ஜி2-இல் செக்மேட். சிகோரின் அங்கேயே ஆட்டத்தை விட்டார், போட்டியும் அதோடு முடிந்தது. திருச்சித் தாயாரின் மகளுக்குச் சொன்ன கேள்வியேதான் இங்கும் கேட்கப்படவில்லை: புறப்படும் காய் எதைக் காத்துக்கொண்டிருந்தது?

மூன்றாவது வகை நுட்பமானது. 2014-இல் சோச்சியில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் மாக்னஸ் கார்ல்சன் 26-ஆவது நகர்வில் ராஜாவை டி2-க்குக் கொண்டுபோனார். நம் சென்னைக்காரரான விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு. ஆனந்தின் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால், வெள்ளை யானை ஜி8 யானையை வெட்டினாலும், குதிரை சி4 சிப்பாயைச் செக்கோடு வெட்டும். இன்னொரு செக்குக்குப் பிறகு கறுப்பு அந்த யானையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இரண்டு சிப்பாய் லாபத்தில் இருக்கும். ராஜா டி2-க்கு வந்ததால் மட்டுமே சி4 வெட்டு செக்காக மாறியது என்பதுதான் இதில் உயிர்நாடி. ஆனந்த் சிறிது நேரத்திலேயே ஏற்கெனவே திட்டமிட்டிருந்தபடி ஏ4 சிப்பாய் நகர்வை ஆடினார். கார்ல்சன் தப்பித்து அந்த ஆட்டத்தையும் வென்றார். கார்ல்சன் நகர்வை ஆடிய உடனேயே தன் தவறை உணர்ந்துவிட்டார். எதிரே இருந்தவர், இப்படி ஒரு பரிசு வரும் என்று எதிர்பார்க்காததால், பார்க்கவேயில்லை.

என் நகர்வை எடைபோடுவதற்கு முன், எதிராளி இப்போது ஆடிய நகர்வு பலகையில் எதை மாற்றியது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் போன்றவர்கள் மட்டத்தில் இந்த மூன்று வகைத் தவறும் மாதத்துக்கு ஒன்றல்ல, ஆட்டத்துக்கு ஒன்று வீதம் நிகழ்கின்றன. ஆகவே சாம்பியன்களைவிட நமக்கே சோதனையால் பயன் கூடுதல்.

கேள்வி: இரண்டு நகர்வுகளுக்கிடையே இருபது நிமிடம் ஊசலாடிவிட்டு, கடைசியில் இரண்டும் பிடிக்காமல், எட்டிப்பார்க்கவே பார்க்காத மூன்றாவது நகர்வை ஆடித் தோற்கிறேன். இது எனக்கு மட்டும் உள்ள நோயா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்ஸாண்டர் கோட்டவ் இதே நிலைமையை அப்படியே விவரித்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் இன்றும் அவர் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆராயத் தகுந்த நகர்வுகளை முதலிலேயே பட்டியலிட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொரு கிளையிலும், அதாவது ஒரு நகர்வைத் தொடர்ந்து வரக்கூடிய நகர்வுகளின் தொடரிலும், ஒரே ஒரு முறை மட்டும் ஏறி இறங்க வேண்டும் என்பது அவர் சொன்ன மருந்து. மருந்தின் முதல் பாதி மிகச் சிறந்தது. இரண்டாம் பாதியை எந்த மனிதரும் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. ஒரு கிளையில் கண்ட உத்தி இன்னொரு கிளைக்குப் பொருந்தும்போது திரும்பிப் போய்ப் பார்ப்பது இயல்பு, அது தேவையும்கூட.

ஆகவே பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், கிளை விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மூன்றாவது நகர்வு மனத்தில் உதித்தால் அது பட்டியலில் சேர வேண்டும். எதிராளியின் செக், வெட்டு, மிரட்டல் என்ற குறைந்தபட்சச் சோதனை அதற்கும் நடக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. நேரத்தையும் கணக்கிடுங்கள்: 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடியும் தரப்படும் போட்டியில், முதல் 40 நகர்வுகளுக்கு சராசரியாக ஒன்றுக்கு இரண்டே முக்கால் நிமிடம்தான் இருக்கிறது. இரண்டு நகர்வுகளும் பாதுகாப்பானவை, இரண்டின் முடிவிலும் நிலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் இருபது நிமிடம் ஊசலாடுவது மதிப்பீடு அல்ல, தயக்கம். எதையாவது ஒன்றை ஆடிவிட்டு, அந்த நேரத்தைச் சிக்கலான நிலைக்குச் சேமித்துவையுங்கள்.

கேள்வி: நான் பள்ளியில் ஆடிய காலத்தில், நகர்வைத் தாளில் எழுதிவிட்டு, மீண்டும் பலகையைப் பார்த்துப் பிறகு ஆட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். இப்போது பல ஆண்டுகள் கழித்து ஒரு போட்டியில் கலந்துகொண்டபோது நடுவர் அதைத் தடுத்தார். ஏன்?
– ஒரு வங்கி ஊழியர், மதுரை

பதில்: நடுவர் செய்தது சரி. முதலில் எழுது, பிறகு ஒரு கற்றுக்குட்டியின் கண்ணோடு பலகையைப் பார், அதன்பின் ஆடு என்ற அந்த வழி ரஷ்ய வல்லுநர் பெஞ்சமின் ப்ளூமன்ஃபெல்டின் பெயரோடு சேர்த்து வழங்கப்படுவது. ஆனால் 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள், சமன் கோருவது போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, நகர்வை முன்கூட்டி எழுதுவதைத் தடைசெய்துவிட்டன. எழுதுவதும் அடிப்பதும் மீண்டும் எழுதுவதுமாகத் தாளையே குறிப்பேடாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

விதிக்குள்ளேயே அதே பலனைத் தரும் வழி உண்டு. எதிராளியின் நகர்வை எழுதுவதற்கு முன்பே நீங்கள் பதில் நகர்வை ஆட விதி அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் நகர்வை மனத்தில் முடிவுசெய்த பிறகு, எதிராளியின் நகர்வை நிதானமாக எழுதுங்கள், தலையை நிமிர்த்தி, இப்போதுதான் வந்து உட்கார்ந்தவரைப்போல் பலகையைப் பாருங்கள், பிறகு ஆடுங்கள்.

கேள்வி: நான் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தால் உடனே காய்களை மாற்றிக்கொள்கிறேன். சில ஆட்டங்களில் எளிதாக வெல்கிறேன், சிலவற்றில் சமனாகிவிடுகிறது. மாற்றத்தை எப்படி முன்கூட்டி மதிப்பிடுவது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: மாற்றம் என்பது திரும்பப் பெற முடியாத நகர்வு என்பதால் மற்ற நகர்வுகளைவிட இதற்குக் கூடுதல் கவனம் தேவை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம், புள்ளிகள் 6.5–6.5 என்றிருந்த நிலையில் நடந்தது. வெள்ளையை ஆடிய டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும், இரு பக்கமும் யானையும் பிஷப்பும் மிஞ்சியிருந்த அந்த நிலையைச் சமனாக்கிவிடுவார் என்றே பலரும் நினைத்தார்கள். 55-ஆவது நகர்வில் அவர் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானை மாற்றத்தை முன்வைத்தார். சென்னையைச் சேர்ந்த குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5-இல் வைத்தார். வெள்ளை பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. அதற்கு உள்ள ஒரே மூலைவிட்டத்தை டி5 பிஷப் மறித்துவிட்டதால், அது எங்கே போனாலும் வெட்டப்படும். பிஷப்களும் மாறியாக வேண்டிய கட்டாயம். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் உள்ள நிலை. அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியனானார். யானை மாற்றம் ஒன்றை மட்டும் பார்த்தால் அந்த நகர்வு தவறாகத் தெரியாது. அதைத் தொடர்ந்து இன்னொரு மாற்றமும் கட்டாயமாகும் என்று பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் சமன்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதன் மறுபக்கமாக இருக்கும். வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7 என்று மூன்று காய்களை மட்டும் வைத்துப் பாருங்கள். நகர்த்த வேண்டிய முறை கறுப்புடையதென்றால் வெள்ளை வெல்லும். முறை வெள்ளையுடையதென்றால் கறுப்பு சரியாக ஆடிச் சமன் செய்துவிடும். காய்கள் ஒன்றே, கட்டங்கள் ஒன்றே, முறை மட்டும் வேறு. அதே வெள்ளை ராஜா ஈ6-இலும் சிப்பாய் ஈ5-இலும் கறுப்பு ராஜா ஈ8-இலும் இருந்தால், முறை யாருடையதானாலும் வெள்ளைக்கே வெற்றி. கடைசிக் காயை மாற்றிக்கொள்வதற்கு முன் இறுதியில் ராஜாக்கள் எங்கே நிற்கும், அப்போது முறை யாருடையது என்ற இரண்டையும் எண்ணிப் பாருங்கள். யானைகள் பலகையில் இருக்கும்வரை ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியாத நிலைகள் ஏராளம் என்பதையும் நினைவில் வையுங்கள். எதை மாற்றுவது என்பது எத்தனை மாற்றுவது என்பதைவிடப் பெரிய கேள்வி.

கேள்வி: ஆட்டம் முடிந்தவுடன் கைபேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என் மதிப்பீடு வளர்ந்ததாகத் தெரியவில்லை.
– ஒரு பொறியியல் மாணவி, சென்னை

பதில்: விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்கைப் போடுவதால் வரும் விளைவு அது. இயந்திரம் காட்டும் எண்ணையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். +1 என்றால் ஒரு சிப்பாய் லாபம் என்பது பழைய வழக்கம். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பு முதல், +1 என்பது இயந்திரங்கள் தமக்குள் ஆடினால் வெற்றி வாய்ப்பு பாதியாக இருக்கும் நிலையைக் குறிக்கும்படி அளவு திருத்தப்பட்டிருக்கிறது. அதேபோல 0.00 என்பது உங்களுக்கு எளிதான சமன் என்று பொருள்படாது. ஒரு பக்கம் பத்து நகர்வுகள் தொடர்ந்து ஒரே ஒரு சரியான நகர்வைக் கண்டுபிடித்தால்தான் சமன் என்ற நிலைக்கும் இயந்திரம் அதே எண்ணையே காட்டும்.

ஆட்டம் முடிந்த அன்று கைபேசியை எடுக்க வேண்டாம். நீங்கள் நீண்ட நேரம் யோசித்த நான்கைந்து நிலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அப்போது மனத்தில் இருந்த நகர்வுகள் எவை, எதிராளியின் எந்தப் பதிலை எதிர்பார்த்தீர்கள், முடிவில் யாருக்கு எதனால் சாதகம் என்று கருதினீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாள் இயந்திரத்தைத் திறந்து, எண்ணை விட்டுவிட்டு, அது காட்டும் எதிராளியின் முதல் பதிலை மட்டும் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். அந்தப் பதில் உங்கள் குறிப்பில் இல்லையென்றால் அது செக்கா, வெட்டா, மிரட்டலா, அமைதியான நகர்வா என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். இருபது ஆட்டங்களுக்கு இப்படிச் செய்தால், நீங்கள் வழக்கமாகத் தவறவிடுவது எந்த வகை என்று அந்தக் குறிப்புகளே சொல்லிவிடும். பலருக்கு அது பின்னோக்கி வரும் காய்களின் நகர்வாக இருப்பதைக் கண்டிருக்கிறேன், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.